எண்ணெச்சட்டி ஏறாத வருசம்

பாபநாசத்துல பஸ்ஸ விட்டு எறங்கி படித்துறைக்குப் போற வழியில, தகரக் கொட்டகை போட்ட ஒரு வடைக்கடை இருக்கு. போர்டு கீர்டு ஒண்ணும் கெடையாது. ஞானம்பா கடைன்னு கேட்டா அங்கன திரியுத கொரங்குக்குக்கூடத் தெரியும். அந்த ஞானம்பாள் என் தம்பி பொண்டாட்டி. என் பேரு சந்தனமாரி. விக்கிரமசிங்கபுரத்துல வாக்கப்பட்டிருக்கேன். என்னயப் பத்தி இவ்வளவு போதும். நான் ஒண்ணும் பெரிய ஆளில்ல, வாய் மட்டுந்தான் பெருசு.

ஞானம் பொறந்து வளந்தது மாஞ்சோலை எஸ்டேட்ல. அப்பனும் அம்மையும் கொழுந்து பறிக்கிற ஆளுக. எப்பவும் குளிரு, எப்பவும் மழை, அட்டைக் கடி. அங்கனருந்து என் தம்பி மகாராஜனுக்குப் பொண்ணெடுத்தோம். கல்யாணம் முடிஞ்சி பொண்ணும் மாப்பிள்ளையும் பஸ்ஸுல மலையிறங்கி வாராவ. அந்தப் பாதை வளைவு உங்களுக்குத் தெரியும்லா. பட்டுச்சேலையும் மாலையுமா உக்காந்திருந்தவ, மணிமுத்தாறு அணை கண்ணுல பட்டதும் மாப்பிள்ளை வேட்டியிலயே வாந்தி எடுத்துட்டா. எங்க அம்மைக்கு மூஞ்சி சுண்டிப்போச்சு. சகுனம் அப்படி இப்படின்னு முணுமுணுக்க ஆரம்பிச்சிட்டா. என் தம்பி என்ன செஞ்சாங்கிய? தோள்ல கெடந்த துண்ட எடுத்து அவ வாயத் தொடச்சிவிட்டுட்டு, வேட்டி எப்படியும் நாளைக்கு வெளுக்கத்தான போகுது, மிச்சம் இருந்தா அதையும் எடுத்துருன்னான். பஸ்ஸே சிரிச்சிட்டு. அவளும் மாலைக்குள்ள மூஞ்சிய ஒளிச்சிக்கிட்டு சிரிச்சா. அதுலருந்து அந்தப் புருசன் பொண்டாட்டி சிரிப்பு நிக்கவேயில்ல.

மலைக்காரிக்கு வடை சுடத் தெரியுமா? தெரியாது. எங்க மூத்த அண்ணன் மந்திரமூர்த்திதான் சொல்லிக் குடுத்தான். அண்ணன் கல்யாண வீட்டுச் சமையலுக்குப் போற ஆளு. எங்க பக்கம் தவசுப்பிள்ளைன்னு சொல்லுவோம். அவன் கை பட்டா வெறும் ரசத்துக்கே எல போட்டு உக்காருவாவ. அவன்ட்ட கத்துக்கிட்டு இவ கொஞ்ச நாள்ல அவனயே தூக்கிச் சாப்பிட்டா. காலையில ஆமவடையும் உளுந்தவடையும், சாயங்காலம் வாழக்கா பஜ்ஜியும் சுசியமும். மகாராஜன் பருப்பு ஊறப்போடுவான், ஆட்டுவான், அடுப்பு மூட்டுவான், டீ போடுவான். இவ சட்டிக்கு முன்னால நின்னுக்கிட்டு வடையும் போடுவா, வாயும் போடுவா. ஆத்துல குளிச்சிட்டு ஈரத்தோட வாரவங்ககிட்ட, தல தொவட்டாம நிக்கியளே, சளி பிடிச்சா ஒங்க வீட்டம்மா என்னயத்தான வைவாவன்னு அதட்டுவா. தெரியாத ஆளு, தெரிஞ்ச ஆளுங்கிற கணக்கே கெடையாது. அவ பேச்சக் கேக்கதுக்குன்னே ஒரு வடைக்குப் பதிலா மூணு வட தின்னுட்டுப் போற ஆளுகள எனக்குத் தெரியும்.

இப்படி இருந்த வீட்லதான் இடி விழுந்துச்சு. நான் சும்மா பேச்சுக்குச் சொல்லல, நெசமாவே இடிதான். ஐப்பசி மாசம், தீபாவளிக்கு முந்தின வாரம். மத்தியானத்துலயே இருட்டிக்கிட்டு வந்துட்டு. ஆத்தங்கரையில காயப்போட்டிருந்த வெறக நனையவிடக் கூடாதுன்னு மகாராஜன் ஓடியிருக்கான். கரையில ஒரு மருதமரம். அதுக்குக் கீழ போயி குனிஞ்சிருக்கான், அவ்வளவுதான். மேலுல ஒரு கீறல் இல்ல. ஒறங்குத பிள்ள மாதிரி கெடந்தான். நான் இடுப்புல வச்சித் தூக்கிக்கிட்டு அலைஞ்ச தம்பி அவன்.

ஞானம் அழல. அதுதான் எங்களுக்குப் பயமாப் போச்சு. மாரடிச்சி அழுதிருந்தா கூட நாலு பேரு பிடிச்சிருப்போம். அவ சுவத்தப் பாத்துத் திரும்பிப் படுத்தா, அவ்வளவுதான். சாவுக்குத் துட்டி கேக்க வந்தவங்க தலமாட்டுல உக்காந்து மனசத் தேத்திக்கோ, தைரியமா இருன்னு சொல்லிட்டு, காப்பியக் குடிச்சிட்டு, பஸ்ஸு நேரத்தப் பாத்துக்கிட்டுப் போனாவ. எனக்கு ஆத்திரமா வந்துச்சு. மனசத் தேத்துதது என்ன, தலவலித் தைலமா, எடுத்துத் தேச்சிக்கிடுததுக்கு?

பதினாறு கழிஞ்ச மறுநாளு அவ வாயத் தொறந்தா. கடை இனி வேண்டாம், என் கையால எண்ணெச்சட்டி ஏறாது, வருசம் திரும்பினாலும் ஏறாதுன்னா. சொல்லிட்டு மறுபடியும் சுவத்தப் பாத்துத் திரும்பிட்டா.

இங்கன எங்க வழக்கத்த ஒண்ணு சொல்லணும். ஒரு வீட்ல துட்டி விழுந்துச்சின்னா, வருசம் திரும்புத வரைக்கும் அந்த வீட்டு ஆளுக கையால எண்ணெச்சட்டி ஏறக் கூடாது. பலகாரம் எதுவும் சுடக் கூடாது. அண்ணன் தம்பி வழியில வார சொக்காரங்க எல்லாருக்கும் அந்தக் கட்டு உண்டு. மாமன் மச்சான், கட்டிக் குடுத்த பொம்பளப்பிள்ள, இவுகதான் பலகாரம் சுட்டுக் குடுக்கணும். துட்டி வீட்டுக்காரிய ஒத்தையில அடுப்படியில நிக்கவிடக் கூடாதுன்னு எந்த மகராசியோ யோசிச்சி வச்ச கட்டு போல. நல்ல கட்டுதான். ஆனா வடைக்கடக்காரி வீட்ல துட்டி விழுந்தா அவ எங்க போவாங்கிறத அந்த மகராசி யோசிக்கல. கடையும் வீடும் ஒண்ணுதான். வீட்டு வாசல்ல கொட்டகையப் போட்டிருக்கு, வேற அடுப்பு கெடையாது.

கொஞ்சம் பேரு, அவள அவ போக்குல விடுங்க, கடைய யாருக்காவது விட்டுட்டு மக நித்யாவோட பாளையங்கோட்டையில போயி இருக்கட்டும்னாவ. நித்யா அங்கன காலேஜுல படிக்கா. நான் ஒத்துக்கிடல. ஞானம் அந்தக் கடை வாசல்ல பேசிப் பேசி உசுரோட இருந்தவ. அத மூடிட்டு ஏதோ ஒரு மாடி வீட்ல ஒத்தையில உக்கார வச்சா, தம்பி போன வழியில அவளும் போயிருவான்னு எனக்குப் பட்டுது. அண்ணனுக்கும் அப்படித்தான் பட்டிருக்கு. அவ சட்டியத் தொடுத நாளு வரைக்கும் கடை தொறந்தே இருக்கணும்னு சொல்லிட்டான். யாரு சுடுததுங்கிறதுதான் கேள்வி.

இப்ப பாருங்க வேடிக்கைய. எங்க குடும்பத்துலயே சுடத் தெரிஞ்சவன் மந்திரமூர்த்தி அண்ணன். அவன் சொக்காரன், தொடக் கூடாது. அவன் பொண்டாட்டிக்கு ஓரளவுக்குத் தெரியும், அவளும் தொடக் கூடாது. நித்யாவுக்கு இன்னும் கல்யாணம் ஆகல, அப்பன் வீட்டுப் பிள்ளை, அவளும் தொடக் கூடாது. மிச்சம் ரெண்டு பேரு. ஒண்ணு நான், கட்டிக் குடுத்த பொம்பளப்பிள்ள. நான் சோறு பொங்குன அன்னைக்கெல்லாம் எங்க வீட்டுக்காரரு ஓட்டல்ல சாப்பிடுத ஆளு. இன்னொண்ணு ஞானத்தோட அண்ணன் தேவேந்திரன். எஸ்டேட்ல தேயில பேக்டரியில வேல பாத்தவன். அந்த வருசந்தான் மாஞ்சோலையில வேல நின்னு, குடும்பத்தோட மலையிறங்கி மணிமுத்தாறுல வாடகைக்கு வந்திருந்தான். டீ போட்டான்னா அமிர்தம். வடையத் தின்னுருக்கானே தவிர, அது எப்படி உருண்டையா வருதுன்னு ஒருநாளும் யோசிச்சதில்ல.

அப்ப நீங்க சாமி பேரச் சொல்லி ஆரம்பிங்கன்னுட்டு அண்ணன் கையப் பின்னால கட்டிக்கிட்டு நின்னான். சட்டியத் தொடக் கூடாது, கரண்டியத் தொடக் கூடாது, வாயால சொல்லலாம்னு அவனே ஒரு தீர்ப்புச் சொல்லிக்கிட்டான். கல்யாண வீட்ல நூறு எலைக்குக் கையசைச்சே பந்திய நடத்துதவன், எங்க ரெண்டு பேரு வேலயப் பாத்துக் கொட்டகைக்கு வெளிய நின்னு துடிச்ச துடிப்பு இருக்கே. மொத நாளு நான் உப்ப ரெண்டு தடவ போட்டுட்டேன். தேவேந்திரன் எண்ணெ காயுததுக்கு முந்தியே மாவப் போட்டுட்டான். வட எண்ணெயக் குடிச்சிட்டு சட்டிக்கடியில படுத்துக்கிட்டு வரமாட்டேங்குது. அண்ணன் எட்டிப் பாத்தான்.

"என்னவே இது, வடயா வறட்டியா?"

தேவேந்திரன் ரொம்ப மரியாதையான ஆளு. கொஞ்ச நேரம் நிதானமாப் பாத்துட்டு, வறட்டின்னா இன்னும் கொஞ்சம் வட்டமா இருக்கும்ங்க அத்தான்னான்.

எதுத்தாப்புல பழக்கடை வச்சிருக்கது காஜா முகைதீன் பாய். மகாராஜனுக்கு நல்ல சேக்காளி. அவரு மட்டும் தெனமும் வந்து ரெண்டு வட வாங்குவாரு. தன் கடைக்குப் பின்னால போயி கொரங்குக்குப் போட்டுட்டுத் திரும்பி வந்து, இன்னைக்குப் பரவாயில்லம்மான்னு சொல்லுவாரு. ஒருநாளு எங்க கண்ணு முன்னாலயே ஒரு தாட்டியான கொரங்கு தட்டுலருந்து ஒரு வடையப் பிடுங்கிட்டு ஓடுச்சு. கூரையில ஏறி ஒரு கடி கடிச்சுது. வடையத் திருப்பித் திருப்பிப் பாத்துச்சு. அப்புறம் பைய எறங்கி வந்து அந்தத் தட்டுலயே போட்டுட்டுப் போயிட்டு. அன்னைக்கு நாங்க சிரிச்ச சிரிப்புல பஸ் ஸ்டாப்ல நின்ன சனம் எட்டிப் பாத்துச்சு. சிரிச்சி முடிச்ச பெறகுதான், துட்டி வீட்டு வாசல்ல நின்னு சிரிச்சிட்டோமேன்னு எங்களுக்கு ஒறைச்சுது. உள்ள எட்டிப் பாத்தேன். ஞானம் அப்படியேதான் படுத்திருந்தா. ஆனா சுவத்தப் பாத்து இல்ல, மேல கூரையப் பாத்து. எனக்கு அதுவே பெருசா இருந்துச்சு.

அந்த வருசம் அந்த வீட்ட நாங்க சும்மா விடல. யாராவது ஒருத்தர் போயிக்கிட்டும் வந்துக்கிட்டும் இருந்தோம். சோறு அங்கதான். சண்டையும் அங்கதான் போட்டோம். எனக்கும் எங்க வீட்டுக்காரருக்கும் வீட்ல வார சண்டையக்கூட அங்கன கொண்டுபோயி போட்டேன். ஒரு நியாயத்துக்கு ஆளு வேண்டாமா? அவள நடுவுல உக்கார வச்சிக்கிட்டு, நீ சொல்லு ஞானம், இந்த மனுசன் செஞ்சது சரியான்னு கேப்பேன். அவ ஒண்ணும் சொல்ல மாட்டா. ஆனா எங்க வீட்டுக்காரரு பேச்சு நீண்டுதுன்னா ஒரு பார்வை பாப்பா, அதுல அவரு அடங்கிருவாரு. நித்யா சனிக்கெழம சனிக்கெழம வந்து அம்மை மடியில தலைய வச்சிப் படுத்துக்கிட்டு காலேஜுக் கதையெல்லாம் சொல்லுவா. அந்தப் பிள்ளைக்கும் அப்பன் போன கவலை இருக்கத்தான செய்யும். சில நாளு அவ கத சொல்லிக்கிட்டே அழுதுருவா. அப்ப ஞானத்தோட கை மட்டும் எழும்பி பிள்ள தலையத் தடவும். அவ்வளவுதான் அவளால முடிஞ்சுது.

இப்படிப் போயிக்கிட்டிருக்கும்போது தை மாசம் எனக்குன்னு ஒரு எழவு வந்துச்சு. எங்க வீட்டுக்காரருக்கு ஒரு சித்தப்பா. பழுத்த கெழவன், ஒறக்கத்துல போயிட்டாரு. கல்யாணச் சாவு, மேளம் கொட்டி பூவு எறிஞ்சி கொண்டுபோனோம். எல்லாம் சரிதான். ஆனா இப்ப என் வீடும் துட்டி வீடாப் போச்சு. நானும் சட்டியத் தொடக் கூடாதுன்னு அண்ணன் சொல்லிட்டான். எனக்கு வந்துச்சே கோவம். அந்தக் கெழவரு இருக்கும்போது எனக்கு ஒரு நல்ல வார்த்த சொன்னதில்ல, செத்தும் என் கையக் கட்டிப்போட்டுட்டாரேன்னு தெருவுக்கே கேக்க மாதிரி பேசிட்டேன். அண்ணன் அசையல. வழக்கம் வழக்கந்தான், நீ இல்லன்னா கடை தப்பிக்கும்னான். கூடப் பொறந்தவன் பேசுத பேச்சா இது?

மிஞ்சினது தேவேந்திரன் ஒத்த ஆளு. டீயும் அவந்தான், வடையும் அவந்தான். டீய ஆத்திக்கிட்டே வடையத் திருப்புவான், வடையத் திருப்பிக்கிட்டே பாலப் பொங்க விட்டுருவான். நானும் அண்ணனும் ரெண்டு பக்கமும் நின்னு ஆளுக்கு ஒரு யோசனை சொல்லுவோம். அவன் ரெண்டையும் கேட்டு ரெண்டையும் செய்வான். மாசியில ஒருநாளு பெருங்கூட்டம். கோயிலுக்கு வந்த ஒரு வேன் ஆளுக மொத்தமா வந்து நிக்காவ. தேவேந்திரன் பதட்டத்துல வெறகத் திணிச்சிட்டான். தீ சட்டிக்கு மேல எழும்புது. எண்ணெ கொதிக்கிற சத்தமே ஒரு மாதிரி மாறிட்டு. அண்ணன் ஒரு பக்கம் கத்துதான், நான் ஒரு பக்கம் கத்துதேன். அந்தக் கூச்சல்ல உள்ளருந்து ஒரு சத்தம்.

"அண்ணே, வெறக வெளிய இழு."

எல்லாம் அடங்கிட்டு. மூணு மாசமா நாங்க கேக்காத சத்தம். தேவேந்திரன் வெறக இழுத்தான். நான் உள்ள ஓடி அவளக் கட்டிப்பிடிக்கப் போனேன். அண்ணன் என் முந்தானையப் பிடிச்சி இழுத்து, வாய மூடிக்கிட்டு நில்லு, ஒண்ணும் நடக்காத மாதிரி இருன்னு கண்ணாலயே சொன்னான். என் வாழ்க்கையிலேயே நான் பேசாம நின்ன நாளு அது ஒண்ணுதான். கொஞ்சம் கழிச்சி உள்ளருந்து மறுபடியும், இப்பப் போடு, சட்டியோரமா வழுக்கி விடு, தூக்கி எறியாதன்னு வந்துச்சு. போட்டான். பொன்னு மாதிரி எழும்பி வந்துச்சு வட. வேன்காரங்க இன்னும் ரெண்டு ஈடு கேட்டாவ. அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. நாங்க மூணு பேரும் அந்த வடையப் பாத்துக்கிட்டே கண்ணத் தொடச்சிக்கிட்டு நிக்கோம், பொகைன்னு நெனச்சிருப்பாவ.

அதுக்குப் பெறகு தெனமும் உள்ளருந்து சத்தம் வரும். வெங்காயம் பெருசா இருக்கு. மாவுல தண்ணி ஏறிட்டு. இஞ்சி எங்க. அப்புறம் படுக்கையிலருந்து சொல்லுதது போயி, நிலைப்படியில உக்காந்து சொன்னா. பங்குனி வெயிலு உள்ள இருக்க முடியலன்னு ஒரு சாக்கச் சொல்லிட்டு வாசலுக்கே ஸ்டூலப் போட்டுட்டா. வாசலுக்கு வந்தவளுக்குக் கண்ணுல சனம் படுமா படாதா? ஒருநாளு ஒரு ஆளு ஈரத்தலையோட வந்து நின்னான். ஞானம் அவன ஏற இறங்கப் பாத்தா. தல தொவட்டாம நிக்கியளேன்னு ஆரம்பிச்சிட்டா. அந்த ஆளு பாவம், எதுக்கு இந்தக் கடைக்காரங்க எல்லாரும் தன்னப் பாத்து இப்படிப் பல்லக் காட்டுதாங்கன்னு முழிச்சான். தேவேந்திரன் அவனுக்கு ரெண்டு வட சும்மா குடுத்தான்.

ஆடி அமாவாசைக்குப் பாபநாசம் எப்படி இருக்கும்னு உங்களுக்குச் சொல்லணுமா? செத்தவங்களுக்குத் தர்ப்பணம் குடுக்க வார சனம் படித்துறையில நிக்க எடமில்லாம நிக்கும். அன்னைக்கு அவ கலங்கிருவாளோன்னு நாங்க எல்லாரும் ஒரு கண்ண அவமேலயே வச்சிருந்தோம். அவளோ ஸ்டூல்ல ஏறி நின்னுக்கிட்டு வரிசைய ஒழுங்கு பண்ணுதா. பசியோட வந்திருக்கிய, தள்ளாதிய, எல்லாருக்கும் உண்டுன்னு கூப்பிடுதா. பிள்ளையப் பறிகுடுத்துட்டு வந்த ஒரு பொம்பள டம்ளரப் பிடிக்க முடியாம அழுதா. இவ எறங்கிப் போயி அவ பக்கத்துல உக்காந்தா. மனசத் தேத்திக்கோன்னு சொல்லல. யாரு கூட வந்திருக்கா, வீட்ல யாரு இருக்கா, ஒத்தையில இருக்காத தாயின்னு கேட்டுக்கிட்டு, அந்தம்மா டீயக் குடிச்சி முடிக்கிற வரைக்கும் கூட இருந்தா. எனக்குப் பெருமையா இருந்துச்சு. எல்லாம் திரும்பி வந்துட்டு. கை மட்டும் வரல. சட்டிப் பக்கம் அவ கை போகல. வருசம் முடிஞ்சாலும் தொட மாட்டேன்னு சொன்னது சொன்னதாவே நின்னுச்சு.

அப்படியே வருசம் திரும்பிச்சு. தீபாவளிக்கு முந்தின வாரம், திதி குடுத்து முடிச்சாச்சு. பொறந்த வீட்டுச் சேலை எடுத்துட்டு வந்திருந்தான் தேவேந்திரன். மரகதப் பச்ச, மலைக்காரன் கண்ணு அப்படி. அன்னைக்குத்தான் மொறப்படி எண்ணெச்சட்டி ஏத்துத நாளு. மாமன் மச்சான் அடுப்ப மூட்டி, சட்டிய வச்சி, எண்ணெய ஊத்தணும். வீட்டுக்காரி மொத வடையப் போடணும். அதோட கட்டு அவுந்துரும், பெறகு எல்லாரும் சுடலாம். மாவு மட்டும் நான் பெசைஞ்சி தாரேன், போடுததுக்கு என்னயக் கூப்பிடாதியன்னு ஞானம் காலையிலயே சொல்லிட்டா. பெசைஞ்சும் குடுத்தா. அந்தப் பச்சச்சேலையக் கட்டிக்கிட்டு, மாவுச் சட்டியக் கொண்டாந்து வச்சிட்டு ஒதுங்கி நின்னா.

எண்ணெ காஞ்சிட்டு. நித்யா அம்மையப் பாக்கா. காஜா பாய் கடைய விட்டுட்டு வந்து ஓரமா நிக்காரு. அண்ணன் மந்திரமூர்த்தி, ஒரு வருசமாப் பின்னால கட்டியிருந்த கைய எடுத்துக் கும்பிட்ட மாதிரி வச்சிக்கிட்டு, போடு தாயி, ஒன்னயப் பெத்த அப்பனா நின்னு கேக்கேன்னான். அவன் யாரையும் கெஞ்சி நான் பாத்ததில்ல.

ஞானம் என்னயப் பாத்தா.

"போட்டுருவேன் மதினி. போடத் தெரியாமலா நிக்கேன்? எடுத்த பெறகு மொத வடைய யாரு கையில குடுப்பேன்? அவுக தின்னு பாத்து நல்லாருக்குன்னு சொல்லாம நான் ஒருநாளும் ஏவாரம் ஆரம்பிச்சதில்ல. அந்தக் கை இல்லயே."

ஒரு வருசமா அவ நெஞ்சுக்குள்ள கெடந்தது இதுதான். எங்களுக்குத் தெரியாமப் போச்சே. அண்ணன் திரும்பிக்கிட்டான். தேவேந்திரன் கரண்டியப் பிடிச்சிக்கிட்டுக் குனிஞ்சி நிக்கான். அந்தக் கை எனக்குத் தெரியாதா? நான் சோறு ஊட்டுன கை. ஆனா நானும் அழுதுட்டு நின்னா அந்த எண்ணெ கருகிப்போயிரும்.

"எங்கிட்ட குடு. சின்னதுலருந்து அவன் வாய்க்குப் போறதப் பாதி வழியில பிடுங்கித் தின்னவ நானு. அவன் பங்கு எனக்கு வரும். போடுட்டி."

என்ன நெனச்சாளோ. கைய நனைச்சா. மாவ எடுத்தா, உருட்டினா, உள்ளங்கையில வச்சித் தட்டினா. சட்டியோரமா வழுக்கி விட்டா. எண்ணெ சலசலன்னு பொங்கி அடங்குச்சு. பொன்னாச் செவந்து மேல வந்ததும் அரிகரண்டியில அரிச்சி, ஒரு வாழையெல நறுக்குல வச்சி, ரெண்டு கையாலயும் எங்கிட்ட நீட்டினா. நான் சூடு பாக்கல. ஒரு கடி கடிச்சேன். நாக்கு வெந்துட்டு. கண்ணுல தண்ணி வடியுது, எல்லாரும் என் வாயையே பாக்காவ. மென்னேன். இன்னொரு தடவ மென்னு பாத்தேன். பொய் சொல்லிருவோமான்னு கூட நெனச்சேன். என் வாய் என்னைக்கு என் பேச்சக் கேட்டிருக்கு?

"ஏட்டி, உப்பே போடலியே நீ."

அண்ணன் தலையில அடிச்சிக்கிட்டான். கோட்டிக்காரி, இந்த நேரத்துலயா இதச் சொல்லுவான்னு பல்லக் கடிச்சான். ஞானம் என் கையில இருந்த மிச்ச வடைய வாங்கி ஒரு துண்டு பிட்டு வாயில போட்டா. மென்னா. கண்ணு விரிஞ்சுது. ஆமா மதினி, மறந்துட்டேன்னா. சொல்லிக்கிட்டே சிரிக்க ஆரம்பிச்சிட்டா. அந்தப் பழைய சிரிப்பு, பஸ்ஸே சிரிச்சிச்சே அந்தச் சிரிப்பு. அவுக இருந்தா இதையும் நல்லாருக்குன்னுதான் சொல்லிருப்பாவ, கல்லப் பொரிச்சிக் குடுத்தாலும் நல்லாருக்குன்னுதான் சொல்லுவாவன்னு சிரிச்சா. அவனுக்கு ஒன்னயக் கண்டா பயம், எனக்கென்ன பயம்னேன். அதுக்கும் சிரிச்சா. சிரிச்சிக்கிட்டே என் தோள்ல சாஞ்சவ, அப்படியே அழுகையில எறங்கிட்டா. ஒரு வருசமா அழாத அழுகை. நித்யா ஓடி வந்து எங்க ரெண்டு பேரையும் சேத்துக் கட்டிக்கிட்டா. தேவேந்திரன் கரண்டியோட வந்து நின்னான். ரோட்ல பஸ்ஸு ஆரன் அடிச்சிக்கிட்டே போகுது, நாங்க கொட்டகை நடுவுல கெட்டியாப் பிடிச்சிக்கிட்டு நின்னு எல்லாரும் அழுதோம். அழுது முடிச்ச பெறகு எனக்கு நல்லாப் பசிச்சுது.

மூக்கச் சிந்திட்டு மொத ஆளா ஞானந்தான் நகந்தா. உப்ப அள்ளித் தண்ணியில கரைச்சி மாவுல விட்டுப் பெசைஞ்சா. அடுத்த ஈடு போட்டா. அதையும் எனக்குத்தான் மொதல்ல குடுத்தா. நல்லாருக்குன்னேன். அண்ணன் வேட்டிய மடிச்சிக் கட்டிக்கிட்டு, கட்டு அவுந்துட்டுல்லா, தள்ளுங்கன்னு பாய்ஞ்சி வந்து கரண்டியப் பிடிச்சான். தள்ளினாத்தான? தேவேந்திரன் விடல, தை வரைக்கும் எனக்குக் கட்டு இருக்குங்கிறதையும் மறந்துட்டு நானும் விடல. ஞானம் எங்க மூணு பேரையும் வெளிய போகச் சொன்னா. மதினி மட்டும் நாளைக்குக் காலையில வந்துருங்கன்னா.

இப்ப தெனமும் காலையில மொத பஸ்ஸப் பிடிச்சிப் போயிருதேன். எனக்கு எண்ணெப் பலகாரம் ஆகாதுன்னு டாக்டர் சொல்லிருக்காரு. அவருக்கு என்ன தெரியும். மொத வடைய எலையில வச்சி என் கையில குடுத்துட்டு, மாவுக் கைய அந்தரத்துல பிடிச்சிக்கிட்டு நிப்பா ஞானம். நான் சொல்லாம அடுத்த ஈடு போடமாட்டா. உப்பும் காரமும் சரியாத்தான் இருக்கும். இருந்தாலும் நான் ஒடனே சொல்ல மாட்டேன். நல்லா மென்னு, என் தம்பிக்கும் சேத்து மென்னு, அவ மூஞ்சிய ஒரு தடவ பாத்துட்டுத்தான் சொல்லுவேன்.